பருவதமலைக்கு வழி சொன்ன பழந்தமிழ்

வங்கக் கடலோரச் சமவெளியில் அமைந்த உழவர்கரையில் மலை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கோரிமேட்டுச் செம்மண் மேடே அங்குள்ளோர் அன்றாடம் காணும் உயரம். ஆயினும் ரெட்டியார்பாளையம், மூலகுளம், லாசுப்பேட்டை முதலிய பகுதிகளிலிருந்து பௌர்ணமி நாளில் அண்ணாமலையாரை வலம்வரப் புறப்படும் குடும்பங்கள் பல. திண்டிவனம், செஞ்சி வழியே திருவண்ணாமலையை அடைந்து கிரிவலம் முடித்தவர்களுள் சிலர் அத்துடன் ஊர் திரும்புவதில்லை. மேலும் வடக்கே சென்று, கலசபாக்கம் வட்டத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கும் பருவதமலையையும் தரிசிக்க விழைகின்றனர்.

திருவண்ணாமலையில் மலையே இலிங்கத் திருமேனி. ஆதலால் அதனை வலம்வருதலே பெரும் வழிபாடு. பருவதமலையோ ஏறிச் சென்று வழிபடும் மலை. சுமார் 4,500 அடி உயரமுள்ள அதன் உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகை அம்மனும் எழுந்தருளியுள்ளனர். தேவாரம் திருப்பருப்பதம் என்று போற்றும் ஸ்ரீசைலத்து இறைவனுக்கும் இறைவிக்கும் உரிய திருநாமங்களே இவை. பக்தர்கள் தாமே அபிஷேகமும் அர்ச்சனையும் செய்து வழிபடும் வழக்கம் இம்மலைக்கு உரியது.

உச்சியை அடைய இரு வழிகள் உள. ஒன்று தென்மாதிமங்கலத்திலிருந்து புறப்படுவது. மற்றொன்று கடலாடியிலிருந்து வருவது. தொடக்கத்தில் காட்டுப் பாதையும் படிக்கட்டுகளும் அமைந்திருக்கும். மேலே செல்லச் செல்லப் பாறைகளே வழியாகும். இறுதியில் வருவது கடப்பாறை நெட்டு. செங்குத்தான பாறையில் அறைந்த இரும்புக் கம்பிகளையும் சங்கிலிகளையும் பற்றியே அங்கு ஏறவேண்டும். உடல்வலிமை உடையவர்க்கும் மேலே செல்லப் பல மணி நேரம் ஆகும்.

இத்தகைய மலையில் வழி அறிந்து செல்வது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை சொல்லும் நூல் ஒன்று, இம்மலையை ஒட்டிய நிலப்பகுதியிலேயே, சங்க காலத்தில் தோன்றியிருப்பது வியப்புக்குரியது.

ஆறு காட்டும் நூல்

பத்துப்பாட்டின் முதல் நூல் திருமுருகாற்றுப்படை. அது முருகப்பெருமானிடம் செல்லும் வழியைக் காட்டுவது. பத்தாவதாகிய இறுதி நூல் மலைபடுகடாம்; அது மலை கடந்து செல்லும் வழியைக் காட்டுவது. பெருங்கௌசிகனார் இயற்றிய இந்நூல் 583 அடிகள் கொண்டது. இதன் தலைவன் நன்னன் சேய் நன்னன் என்னும் வேள். அவனது செங்கண்மா என்னும் ஊரே இன்றைய செங்கம். உ.வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபோது, ஏட்டுச் சுவடியில் இருந்த இந்த வழி அச்சேறி யாவர் கைக்கும் எட்டியது.

நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் வேறொரு கூத்தர் கூட்டத்தைக் கண்டு, தான் நடந்து வந்த வழியை அவர்களுக்கு எடுத்துரைப்பதாக நூல் அமைந்துள்ளது. ஆதலின் இதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். ஆறு என்பது வழி. அவ்வழியில் பிறரைச் செலுத்துவது ஆற்றுப்படை. நன்னன் நாட்டில் நவிரம் என்னும் மலையில் நஞ்சை உண்ட கடவுள் உறைவதை இந்நூல் போற்றுகின்றது. அந்த நவிரமலையே பருவதமலை என்று அறிஞர்கள் கருதுவர்.

கூத்தன் கூறிய நெறிகள்

மலையின் அழகைப் பாடுவதோடு அக்கூத்தன் அமையவில்லை. இன்ன இடத்தில் இன்ன இடர் உண்டு, அதனை இவ்வாறு கடந்து செல்க என்று ஒவ்வொன்றாகச் சொல்கின்றான்.

பாசி படர்ந்த பாறைகள் அடியை வழுக்கும். அங்குச் சிறுமூங்கிலையும் நாணற்கோலையும் பற்றிக்கொண்டு செல்லவேண்டும் என்பது ஒன்று. இடர் மிகுந்த இடங்களை ஒருவர் ஒருவராக, கவனத்துடன் கடக்கவேண்டும் என்பது மற்றொன்று. விலங்குகள் நடமாடும் இரவில் நடவாது, குகைகளைத் தம் இல்லம்போல் கொண்டு தங்கி, விடிந்தபின் செல்லவேண்டும் என்பது மூன்றாவது.

இன்று கடப்பாறை நெட்டில் நிற்பவர்க்கும் இவை அப்படியே பொருந்தும். மூங்கிலின் இடத்தில் இரும்புச் சங்கிலி வந்துள்ளது, அவ்வளவே வேறுபாடு. ஒரே சங்கிலியைப் பலர் ஒருசேரப் பற்றி இழுத்தால் அனைவரும் நிலை தடுமாறுவர். நண்பகல் வெயிலில் இரும்பும் பாறையும் கை வைக்க இயலாதவாறு சுடும். ஆதலால் விடியற்காலையில் ஏறத் தொடங்கி, பொழுது சாயுமுன் அடிவாரம் சேர்வதே நன்று. வனத்துறையும் அறநிலையத்துறையும் நேரக் கட்டுப்பாடு விதிக்கும்போது அதனைத் தடையாக எண்ணலாகாது. பழங்கூத்தன் சொன்னதன் தொடர்ச்சியாகவே கொள்ளவேண்டும். மழை நாள்களில் சிறு ஓடையும் சற்று நேரத்தில் பெருவெள்ளமாகும் என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும்.

வழி தவறினால் என் செய்வது? அந்நூல் கூறும் விடை மிக நுட்பமானது. மலைவாழ் குறவரும் திசை மயங்கும் இடத்தை அடைந்தால், மேலும் நடக்காமல் அகன்ற பாறை ஒன்றில் அனைவரும் ஒன்றுகூடி, தம் இசைக்கருவிகளை முழக்கவேண்டும் என்கிறான் கூத்தன். அவ்வோசை கேட்டு மலைவாழ் மக்கள் வந்து உதவுவர். நிற்றல், கூடியிருத்தல், ஓசை எழுப்புதல் என்னும் இம்மூன்றையே மலையேற்றப் பயிற்சி தருவோர் இன்றும் கற்பிக்கின்றனர். பதற்றத்தில் ஆளுக்கொரு திசையில் வழி தேடிச் செல்பவர்களே பெரும் இடருக்கு உள்ளாகின்றனர். கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காத சரிவில் சிறு ஊதல் ஒன்று உயிர்காக்கும் துணையாகும்.

ஏறும்போது கிளைவழிகள் பல கண்ணில் படா. இறங்கும்போதோ அவை இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து மயக்கும். ஆதலால் ஏறுகையிலேயே அவ்வப்போது திரும்பிப் பார்த்து, பின்னால் உள்ள பாறையையும் மரத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளுதல் நலம்.

புல் முடிந்த கைகள்

இவை அனைத்தினும் உயர்ந்த அறிவுரை ஒன்று அந்நூலில் உண்டு. புதிய நிலத்தில் வழி பிரியும் இடம் வந்தால், அவ்விடத்தைத் துடைத்துச் சீர்செய்து, சரியான வழிக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்பதே அது. தாம் கடந்துவிட்டதால் கடமை முடிந்துவிடுவதில்லை. பின்னே வருபவர் மயங்காதிருக்க ஒரு குறி இடவேண்டும். இடங்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து, கவர்வழிகளில் மரா மரத்தடியில் நட்டிருந்த செய்தியையும் அந்நூல் தருகின்றது. அங்கே கடவுளும் உறைவதாகச் சொல்லப்படுகிறது. வழி காட்டும் கல்லும் வழிபடும் இடமும் அருகருகே இருந்த காலம் அது.

திரும்புதலும் அருளே

உச்சியை அடையாவிட்டால் யாத்திரை வீண் என்று வருந்தும் முதியோர் பலர். அவர்கள் திருநாவுக்கரசரை நினைத்தல் தகும். கயிலையைக் காணும் வேட்கையால் முதுமையில் வடதிசை நடந்த அப்பரடிகள், பாதம் தேய்ந்தபின் கைகளாலும், பின்னர் மார்பாலும் ஊர்ந்து சென்றார் என்கிறது பெரியபுராணம். முனிவராய் எதிர்ப்பட்டு, மானிடர் அடையத்தக்கதன்று, மீண்டு செல்க என்றவர் சிவபெருமானே. பின்னர் இறைவன் பணித்தவாறு பொய்கையில் மூழ்கிய அவர், திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார். அவர் மலைமுடியை எட்டவில்லை. மலைமுடியில் உள்ளவன் அவரை எட்டினான்.

ஆகவே மூட்டுவலியோ இதய நோயோ உடையவர்கள் மருத்துவரைக் கலந்த பின்னரே மலையேற்றம் பற்றி எண்ணவேண்டும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் விரதமிருந்து வெறும் வயிற்றோடு ஏறுதல் கூடாது. போதிய நீரும் உரிய மருந்தும் கையில் இருத்தல் வேண்டும். இத்தனை மணிக்குள் இந்த இடத்தை அடையாவிடில் திரும்பிவிடுவது என்று முன்னரே உறுதி செய்துகொள்ளுதல் அறிவுடைமை. மூச்சு வாங்கும்போதும் மார்பு வலிக்கும்போதும், இன்னும் சிறிது தூரம்தானே என்று எண்ணுவது பக்தியாகாது. இறங்குவதற்கும் வலிமை வேண்டும் அன்றோ!

ஏற இயலாதவர்க்கும் அங்கு வழிபாடு உண்டு. தென்மாதிமங்கலத்தில் கரைகண்டேஸ்வரர் ஆலயம் இருக்கின்றது. மார்கழி முதல் நாளில் பருவதமலையை வலம்வரும் வழக்கமும் உண்டு. அவ்வளவு தூரம் நடக்கவும் இயலாதவர்கள் அடிவாரத்தில் அமர்ந்து முடியை நோக்கிக் கைகூப்பலாம்.

அடிவாரத்தில் அமர்பவர்க்கு ஒரு பணியும் காத்திருக்கின்றது. பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் ஏறினர், எப்போது புறப்பட்டனர், எந்த வழியில் சென்றனர், எப்போது மீளவேண்டும் என்பவற்றை அறிந்து வைத்திருப்பவர் கீழே ஒருவர் வேண்டும். குறித்த நேரத்தில் அவர்கள் திரும்பாவிடில் வனத்துறைக்கும் காவல்துறைக்கும் உடனே தெரிவிப்பவர் அவரே. இளமையில் தாம் ஏறியபோது எங்கே பாறை வழுக்கிற்று, எங்கே பாதை பிரிந்தது, எங்கே அஞ்சித் திரும்பினோம் என்பதைப் புறப்படுமுன் எடுத்துரைக்கவும் அவரால் முடியும். உழவர்கரையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு குடும்பத்திலும் அத்தகைய மூத்தவர் ஒருவர் இருப்பார். நன்னனிடமிருந்து மீண்டுவந்த அந்தக் கூத்தனின் இடம் இன்று அவருடையது.

அவர் சொல்லும் சொல்லே முடிந்து வைத்த புல். அதனைக் கண்டு நடக்கும் இளையோர், நஞ்சுண்ட பெருமானை நலமுடன் தரிசித்து, நலமுடன் இல்லம் மீள்வர்.