தொட்டிக் கறிவேப்பிலையும் தில்லிக் குளிரும்

மார்கழி பிறந்ததும் தில்லியில் நம்மவர்கள் வீடுகளில், பால்கனியில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டி கூடத்துக்குக் குடிபெயரும். பொங்கலுக்குள் இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கும். தண்ணீர் போதவில்லை என்பார் ஒருவர், உரம் போதவில்லை என்பார் இன்னொருவர். இரண்டையும் தாராளமாகக் கொடுப்பார்கள். மாசியில் வெறுங்குச்சி குப்பைக்குப் போகும்.

நான் தோட்டக்கலை படித்தவனல்ல. மெக்கானிகல் டிப்ளமோ முடித்து, ரயில்வே டீசல் ஷெட்டில் காலம் தள்ளியவன். பழுதான எஞ்சின் வந்து நின்றால் முதலில் ஸ்பானரை எடுக்கக் கூடாது, டிரைவர் எழுதியிருக்கும் ரிப்பேர் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பது அங்கே பாலபாடம். செடிக்கு இலைதான் அந்தப் புத்தகம். மஞ்சளானது மேல் இலையா, கீழ் இலையா, முழுதுமா, நரம்புக்கு நடுவில் மட்டுமா என்று பார்க்காமல் உரப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது.

சென்ற குளிர்காலத்தில் மயூர் விஹாரில் ஒரு நண்பர் வீட்டில் கூப்பிட்டார்கள். மயிலாடுதுறையில் விற்றுவிட்ட பூர்வீக வீட்டுக் கொல்லை மரத்தின் பழத்தைக் கொண்டுவந்து, விதை போட்டு முளைக்க வைத்த செடி. வீட்டை வாங்கியவர் அந்த மரத்தை வெட்டிவிட்டாராம். இரண்டு வயதுச் செடி, ஒன்றரை அடி உயரம். "தினம் ஒரு சொம்பு தண்ணி விடறேன், அப்பவும் வாடறதே. போயிடுமா மாமா?" என்றார் அந்த வீட்டு அம்மாள்.

மண்ணுக்குள் விரலை விட்டேன். சேறு. புளித்த வாடை வேறு. அடித்தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது.

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த, வெப்ப நிலத்துச் செடி. சுமார் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். தில்லியின் ஜனவரி இரவுகளோ சராசரியாக 7, 8 டிகிரி. தூங்கும் செடி அதிகம் தண்ணீர் குடிக்காது. நனைந்தே கிடக்கும் மண்ணில் காற்றோட்டம் இல்லாமல் வேர் அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, ஆகவே இலை வாடுகிறது. வாட்டத்தைப் பார்த்து நாம் இன்னொரு சொம்பு விடுகிறோம்.

தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினேன். உள்ளே பச்சை தெரிந்தது, உயிர் இருக்கிறது. செடியை எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை மட்டும் நறுக்கிவிட்டு, மணலும் மட்கிய எருவும் கலந்த புது மண்ணில், முன்னதைவிடச் சிறிய தொட்டியில் வைத்தோம். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்தால்தான் தண்ணீர் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். மார்ச் கடைசியில் கணுவில் தளிர் எட்டிப் பார்த்ததாகத் தொலைபேசியில் சொன்னார்கள். குரலே மாறியிருந்தது.

எல்லா மஞ்சளும் தண்ணீரால் வருவதில்லை. அடி இலைகள் முழுதுமாக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், அல்லது குளிருக்கு இலை உதிர்க்கும் வழக்கமான காரியமாகவும் இருக்கலாம். மேலே இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. தழைச்சத்தைச் செடி பழைய இலையிலிருந்து புது இலைக்கு மாற்றிக்கொள்ளும். இரும்பை அப்படி மாற்ற முடியாது, அதனால் புது இலைதான் பட்டினி கிடக்கும். போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு மண்ணில் சேரச் சேர, இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. மண் சில்லிட்டிருந்தாலும் இதே குறி தோன்றும். எனவே பிப்ரவரி வரை பொறுத்து, பிறகும் மாறாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் அன்னபேதி கரைத்து இலைமேல் தெளிக்கலாம்.

இலையில் ஊசி குத்தினாற்போல் வெளிர்ப் புள்ளிகள் இருந்தால் ரூம் ஹீட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வறண்ட வெப்பக் காற்றில் சிலந்திப்பேன் பெருகும். இலைக்கடியில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துத் தட்டினால், விழும் தூசியில் சில நகரும். ஹீட்டரை விட்டுத் தள்ளிவைத்து, இலையின் அடிப்புறத்தை நன்றாகக் கழுவுங்கள். பிசுபிசுப்பும் எறும்பும் கண்டால் தண்டில் செதில் பூச்சி ஒட்டியிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடலாம். இரண்டுக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் போதும். ரசத்தில் போடும் இலை இது. நர்சரி மாலி நீட்டும் பூச்சிமருந்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். புளித்த மோரும் குளிர்காலத்தில் வேண்டாம், மூடிய அறையில் நாற்றமும் கொசுறாகக் குட்டி ஈக்களும்தான் மிஞ்சும்.

சீமை அத்தி வைத்திருக்கும் அன்பர்களும் நம்மில் உண்டு. குளிரில் அது மொட்டையாவது இயற்கை. பச்சைத் தண்டு இருக்கும்வரை அதை எழுப்ப முயல வேண்டாம்.

ஹோலி சமயத்தில் தொட்டியை வெளியே வைக்கலாம், ஒரே நாளில் வெயிலில் அல்ல. வீட்டுக்குள் துளிர்த்த இலை மெல்லியது. நேர்வெயில் பட்டால் வெளுத்துக் கருகிவிடும். முதலில் நிழல், பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் சிறிது சிறிதாகக் கூட்டி, பத்து நாளில் பழக்குங்கள். புதுக் கிளையில் நாலைந்து ஈர்க்கு நன்றாக விரியும்வரை தாளிப்புக்கு மார்க்கெட் கறிவேப்பிலையே இருக்கட்டும்.