முழங்கால் வலிக்குக் கீழ்முதுகில் கைமுறைச் சிகிச்சை

முழங்கால் வலிக்காக வந்தவரின் கீழ்முதுகை இயன்முறை மருத்துவர் அழுத்திப் பார்ப்பதுண்டு. வலி ஓரிடத்தில் இருக்க வேறிடத்தைத் தொடுவானேன் என்ற ஐயம் எழுவது இயல்பே. தொடையின் முன்புறத் தசைக்குச் செல்லும் நரம்பு, கீழ்முதுகின் 2, 3, 4ஆம் நரம்பு வேர்களிலிருந்து உருவாகிறது. முழங்காலின் முன்பகுதி உணர்ச்சியும் இவ்வேர்களின் வழியே செல்கிறது. அங்கே முதுகெலும்பு வட்டு பிதுங்கி வேரை நெருக்கினால், முழங்காலில் வலி உணரப்படலாம். இடுப்பு மூட்டுக் கோளாறும் இவ்வாறு வெளிப்படும். வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் முழங்கால் வலியுடன் நொண்டி நடந்தால் இடுப்பு மூட்டைப் பரிசோதிக்காமல் விடலாகாது.

சிகிச்சையில் செய்யப்படுவது என்ன?

முள்ளெலும்புகளைக் கையால் மெல்ல அழுத்தி அசைப்பது ஒரு முறை. விரைவாகச் சிறிது தள்ளுவது மற்றொன்று. அப்போது எழும் சொடுக்கொலி, விலகிய எலும்பு இடம் சேர்ந்ததன் அடையாளமன்று.

பயன் எவ்வளவு?

வலியும் வீக்கமும் உள்ள முழங்கால், தொடைத் தசை முழுவலிமையுடன் சுருங்குவதைத் தடுக்கிறது. கீழ்முதுகில் அளிக்கும் சிகிச்சை இத்தடையைத் தளர்த்தும் என்ற எதிர்பார்ப்பில் ஆய்வுகள் நடைபெற்றன. சிலவற்றில் தசை இயக்கம் உடனடியாகச் சற்றுக் கூடியது. வேறு சிலவற்றில் மாற்றமே காணப்படவில்லை. முழங்காற்சில்லைச் சுற்றிய வலிக்குக் கைமுறைச் சிகிச்சையை மட்டும் தனித்து அளிக்கலாகாது என அமெரிக்க இயன்முறை மருத்துவர்களின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது; கீழ்முதுகுச் சிகிச்சையும் இதில் அடங்கும். முழங்கால் மூட்டுத் தேய்வுக்கு, உடற்பயிற்சியுடன் சேர்த்து மட்டுமே கைமுறைச் சிகிச்சையைக் கருதலாம் என்பது 2022ஆம் ஆண்டின் இங்கிலாந்து வழிகாட்டுதல்.

எனவே, முதுகை அழுத்தியவுடன் வலி குறைந்தது என்பதால் நோய் முதுகில்தான் உள்ளது என்று முடிவு செய்ய இயலாது. நீடித்த பயன் தருவது, தொடை மற்றும் இடுப்புத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியே. நாற்காலியில் அமர்ந்து முழங்காலை நீட்டுதல், ஒருக்களித்துப் படுத்து மேற்காலை உயர்த்துதல் போன்றவற்றை வாரக்கணக்கில் தொடர வேண்டும். வலி தணிந்திருக்கும் நேரம் இப்பயிற்சிக்கு உகந்தது. கைமுறைச் சிகிச்சையின் இடம் பெரும்பாலும் அவ்வளவே. பயிற்சி எதுவும் கற்பிக்காமல், பல அமர்வுகளுக்கு முதுகை மட்டும் அழுத்திவிடுவதாகக் கூறினால், காரணம் கேட்பது நோயாளியின் உரிமை.

யார் தவிர்க்க வேண்டும்?

எலும்புத் தேய்மானம், முதுகெலும்பு முறிவு, புற்றுநோய், முதுகெலும்புக் காசநோய் உள்ளவர்களுக்கு முதுகை விசையுடன் தள்ளுதல் ஆபத்தானது. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். முறையான பயிற்சி பெறாமல் சுளுக்கு எடுப்பவரிடம் முதுகை ஒப்படைக்க வேண்டாம்.

இரு கால்களும் வலுவிழத்தல், சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது கட்டுப்பாடின்றிக் கழிதல், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். காய்ச்சலுடன் முழங்கால் சிவந்து வீங்கியிருந்தால் அன்றே மருத்துவரை அணுகவும்.