முள்ளில் பிறந்த தட்டான்

மாடம்பாக்கம் ஏரிக்கரையில் விடிந்ததும் கோரைத் தண்டுகளை உற்றுப் பார்த்தால், பழுப்பாகக் காய்ந்த பூச்சிக்கூடு ஒன்று தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். முதுகில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. தட்டான் அதன் வழியாக வெளியேறிப் பறந்துவிட்டது. கழற்றிப் போட்ட சட்டை மட்டும் மிச்சம். மழைக்கு முன் தாழப் பறக்கும் தட்டானை எல்லோருக்கும் தெரியும். இறகு முளைப்பதற்கு முன் அது வாரக்கணக்கில், குளிர்ந்த ஊர்களில் வருடக்கணக்கில், தண்ணீருக்கடியில் இளவுயிரியாகக் கிடந்ததை யார் கவனிக்கிறார்கள்?

டிரவுட் மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் கவனித்தார்கள். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சிப் பொம்மை கட்டி மீனை ஏமாற்றுகிறவர்கள் அவர்கள். நம் ஏரியில் அந்த வேலை இல்லை. மண்புழுவுக்கும் மைதா உருண்டைக்குமே ஜிலேபிக் கெண்டை வந்துவிடும். டிரவுட் இங்கே ஒரு கோடையைக்கூடத் தாண்டாது. தண்ணீர் 25 டிகிரியை நெருங்கினாலே அதற்கு ஆபத்து. 10 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரைதான். அதனால்தான் வெள்ளைக்காரர்கள் இந்த மீனோடு நீலகிரிக்கு ஏறினார்கள். 1860களில் மருத்துவர் பிரான்சிஸ் டே இங்கிலாந்திலிருந்து முட்டை கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. 1907-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எச்.சி. வில்சன் வானவில் டிரவுட்டை அங்கே நிலைக்க வைத்தார். அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. மலை ஓடைகளில் பூச்சியையும் தலைப்பிரட்டையையும் தின்று வளரும் வந்தேறி மீன் அது. அதை விட்டது நல்ல காரியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த மீன் என்ன தின்கிறது என்று வயிற்றைக் கிளறிப் பார்த்தவர் ஜி.இ.எம். ஸ்கூஸ் என்ற லண்டன் வக்கீல். நல்லி எலும்பிலிருந்து மஜ்ஜையை வழிக்கும் நீளக் கரண்டியை மீனின் தொண்டைக்குள் விட்டு, உள்ளே கிடந்ததை எடுத்துப் பார்த்தார். இறகு முளைத்த பூச்சிகளைவிட முளைக்காதவை நிறைய இருந்தன. ஆனால் அந்தக் காலத்துக் கனவான்கள், நீர்ப்பரப்பில் மிதக்கும் இறகுப் பூச்சியைத்தான் தூண்டிலில் கட்டலாம், மூழ்குவதைக் கட்டுவது அழகல்ல என்றிருந்தார்கள். இது பற்றி 1938-இல் லண்டனில் ஒரு விவாதமே வைத்தார்கள். மீனிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஓடைக்கும் ஏரிக்கும் இதில் பெரிய வித்தியாசம் உண்டு. ஓடையில் இரை மிதந்து வந்து போய்விடும். மீன் அரை நொடியில் முடிவெடுத்தாக வேண்டும். அவலாஞ்சி, எமரால்டு போன்ற தேக்கங்களில் தண்ணீர் நிற்கிறது, மீன்தான் சுற்றி வருகிறது. பின்னாலேயே வந்து நிதானமாகப் பார்க்கும். அச்சு அசலாகச் செய்த பொம்மையும் அசையாவிட்டால் அங்கே தோற்றுப்போகும். அசைகிற குப்பை ஜெயிக்கும்.

நான் கட்டிப் பார்த்தது ஊசித்தட்டானின் இளவுயிரி. அதன் வால் நுனியில் மூன்று செவுள் இதழ்கள் இருக்கும். உடம்பைப் பக்கவாட்டில் நெளித்து நீந்தும், கொஞ்சம் நீந்தி நின்றுவிடும். தண்டு நீண்ட முள்ளை வைஸில் இறுக்கிக்கொண்டேன். வாலுக்குக் கோழியின் அடியிறகுப் பஞ்சு, டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்தது. உலர்ந்திருக்கும்போது பார்க்கச் சகிக்காது. நனைந்தால் மெலிந்து துடிக்கும். உடம்புக்குத் தானாக உதிர்ந்த மயில்தோகையின் ஒற்றை இழை. அதன் மேல் நெருக்கமில்லாமல் செம்புக்கம்பி. இங்கிலாந்தில் ஆற்றுக் காவலராக இருந்த பிராங்க் சாயர், நூலே இல்லாமல் இந்தக் கம்பியாலேயே ஃபெசன்ட் என்ற பறவையின் வால் இறகைக் கட்டினார். எடையும் அதுவே, கட்டும் அதுவே. தலைமுடி மாதிரி மெல்லிய அந்தக் கம்பி எனக்குத் தாம்பரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைத்தது. கடைசியில் கண்ணுக்கு இரண்டு பாசிமணி. கனம் தலைப்பக்கம் இருப்பதால், தங்கூசியைச் சுண்டினால் தலை எழும்பும், விட்டால் கவிழும். வால் பின்னால் நெளியும்.

இறகுக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. தென்னிந்தியக் காட்டுக்கோழியின் கழுத்து இறகில் மெழுகு பூசினாற்போல் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். மீனுக்கு அது கண் மாதிரித் தெரியும் என்று ஐரோப்பாவில் வாங்கிக் குவித்தார்கள். சேவல்கள் அருகத் தொடங்கின. பிறகுதான் ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

கட்டி முடித்ததைச் சோதிக்க ஊட்டிக்குப் போக முடியவில்லை. ஏரியோரம் ஆகாயத்தாமரை வேரை அலசி எடுத்த வாளித் தண்ணீரில் ஒரு பெரிய தட்டானின் இளவுயிரி கிடைத்தது. ஆசனவாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி மூச்சு விடுகிற பிராணி; அவசரமென்றால் அதே தண்ணீரைப் பீய்ச்சி ராக்கெட் போல் பாயும். கீழுதட்டை மடித்து முகத்தில் முகமூடிபோல் வைத்திருக்கும். ஊசித்தட்டான் குஞ்சு அதற்குப் பிடித்தமான தீனி.

நான் கட்டிய பொம்மையில் முள்ளின் கூர்முனையை இடுக்கியால் நறுக்கிவிட்டு வாளியில் இறக்கினேன். ஒரு சுண்டு, ஒரு நிறுத்தம். மூன்றாவது நிறுத்தத்தில் அந்த உதடு நீண்டதைக் கண் பார்க்கவில்லை. வால் பஞ்சு அதன் வாயில் இருந்ததைத்தான் பார்த்தேன். உடனே துப்பிவிட்டு வாளியின் ஓரத்துக்குப் போய்விட்டது. டிரவுட்டும் இப்படித்தான் துப்புமாம்.