மனிதர் வாழும் மட்கலம்

புறநானூற்றின் 228ஆம் பாட்டைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் என் குரல் தழுதழுக்கும். சோழன் கிள்ளிவளவன் மறைந்துவிட்டான். அவனுக்கு ஈமத்தாழி வனையவேண்டிய குயவனை நோக்கி ஐயூர் முடவனார் இரங்குகின்றார். அவன் புகழுக்கேற்ற தாழிக்கு நிலவுலகமே சக்கரமாகவும் பெருமலையே மண்ணாகவும் வேண்டுமே, உன்னால் இயலுமோ என்கிறார்.

அண்மையில் குருவிட்டவில் இப்பாட்டைக் கற்பித்தபோது, தோட்டத்து மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, செத்தவருக்குத்தான் பெரிய பானையா? உயிரோடு இருப்பவர் குடியிருக்க யாரும் செய்யவில்லையா?” என்றான். மழை ஒழுகும் லயத்து அறையில் வளரும் பிள்ளை அவன். வகுப்பு நகைத்தது, நான் நகைக்கவில்லை. அவன் கேட்டதைச் செய்து பார்த்த கலைஞர் ஒருவர் உண்டு.

அவர் ரே மீக்கர். அமெரிக்கர், கட்டடக்கலையும் மட்கலக் கலையும் பயின்றவர். 1971இல் டெபோரா சிமித் அம்மையாருடன் புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ்’ மட்கலக் கூடத்தை நிறுவினார். அக்கூடத்துக் கலங்கள் பெயர்பெற்றன. ஆயினும் மீக்கரின் நெஞ்சம் கலத்தோடு அமையவில்லை.

நம் குயவர் பச்சைக் கலங்களை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் கொண்டு மூடிச் சுடுவர். வெந்தபின் மூடாக்கைக் கலைத்துவிடுவர். கலம் நிற்கும், சூளை அழியும். மீக்கர் 1980களில் இம்முறையைப் புரட்டிப் பார்த்தார். சுடாத மண்கற்களாலேயே சுவரும் வளைகூரையும் எழுப்பினார். உள்ளே பச்சைச் செங்கற்களையும் கலங்களையும் நிரப்பி, விறகிட்டு நாட்கணக்கில் எரித்தார். உள்ளே வெந்தவற்றை விற்றுச் செலவைக் குறைக்கலாம். வெந்து இறுகிய சுவர்களோ மழைக்குக் கரையா. சூளையே வீடாயிற்று! இம்முயற்சியில் ஈரானியக் கட்டடக்கலைஞர் நாதர் கலீலி அவருக்கு முன்னோடி.

ஏழைகளுக்கு எளிய விலையில் வீடு என்பதே நோக்கம். விறகு மிகுதியாக வேண்டியிருந்தது, முறை பரவவில்லை. இதனை மறைத்துப் புகழ்வது முறையன்று. எனினும், மரபென்பது பழைய பானையின் வடிவைப் பார்த்து வனைவது மட்டுமோ? பானை செய்தவனின் அறிவை இன்றைய தேவைக்கு ஏவுவதும் மரபேயன்றோ!

இவற்றைச் சொல்லி முடித்தேன். மாணவன் அமரவில்லை. “நம் மண்ணும் வேகுமா, ஐயா?” என்றான்.

கேகாலைப் பக்கத்து மொலகொடைக் குயவரின் சட்டியும் பானையும் அதற்கு விடை. சபரகமுவ மண் வேகும். அதில் யாருக்காக எதை வனைவது என்பதே நாம் விடை சொல்லவேண்டிய வினா.