கொள்ளிடம் பாலம் இடிந்த வருஷமும் பெருங்குடலும்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிப் பாலம் வரை சுவர்களைப் பார்த்துக்கொண்டே போனால், 'மூலம், பௌத்திரம்' விளம்பரம் ஒன்றாவது கண்ணில் படாமல் இருக்காது. மலத்தில் ரத்தம் என்றால் நம் ஊரில் முதலில் வாயில் வரும் பெயர் மூலம். சளியும் சேர்ந்து போனால் சீதபேதி. ஊறவைத்த வெந்தயம், மோர், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை. இரண்டு வாரத்தில் நின்றுவிடும். சில மாதம் கழித்துத் திரும்ப வரும். இப்படி வந்து வந்து போகிறவர்களில் சிலருக்கு இருப்பது மூலமும் அல்ல, அமீபா தரும் சீதபேதியும் அல்ல. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்.

உடலின் எதிர்ப்பாற்றலே பெருங்குடலின் உட்படலத்தைத் தாக்குகிற நோய் இது. மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். படலம் சிவக்கும், புண்ணாகும், ரத்தம் கசியும். வெள்ளைக்காரர்களின் நோய் என்றே நம் மருத்துவர்கள் நெடுநாள் நினைத்திருந்தார்கள். லூதியானாவில் வீடு வீடாகக் கணக்கெடுத்து 2003இல் வெளியான ஆய்வு லட்சத்துக்கு 44 பேர் என்று சொன்னபோது அந்த நினைப்பு போயிற்று. மெசலமின் மாத்திரை தொடங்கி ஊசி மருந்துகள் வரை சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலோருக்கு அடங்கியும் விடுகிறது.

நோய் அடங்கிய பிறகுதான் சிக்கல். பல ஆண்டுகள் அழன்று ஆறி, மறுபடி அழன்ற குடலில் புற்றுநோய்க்கான வாய்ப்பு மெல்லக் கூடுகிறது. 2001இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த பிரிட்டிஷ் மருத்துவர்கள் 10 ஆண்டில் 100க்கு 2 பேர், 20 ஆண்டில் 8, 30 ஆண்டில் 18 என்றார்கள். அது மிகை என்று பின்னால் வந்த ஆய்வுகள் பல சொல்லின. டெல்லி எய்ம்ஸ் குழு 2017இல் ஆசிய நோயாளிகளை மட்டும் எடுத்துப் பார்த்தது. முதல் 10 ஆண்டில் அநேகமாக ஒன்றுமில்லை. 20 ஆண்டில் ஏறத்தாழ 5 பேர், 30 ஆண்டில் 14 பேர். முதல் பத்தாண்டின் அந்த அமைதிதான் ஆளை ஏமாற்றிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால்தான் நோய் தொடங்கி 8 ஆண்டு ஆனதும் ஒரு கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்து பார்க்கச் சொல்கிறார்கள். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல. அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து. ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் டாக்டர் எதிரில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

"மொதல்ல ரத்தம் போனது எந்த வருஷம்மா?"

"வருஷமெல்லாம் ஞாபகம் இல்லை டாக்டர். கொள்ளிடத்துல வெள்ளம் வந்து பழைய பாலம் இடிஞ்சுதே, அப்போதான். மூலம்னு நெனச்சு விட்டுட்டேன்."

பழைய இரும்புப் பாலம் இடிந்தது 2018 ஆகஸ்ட். மாமியின் ஃபைலில் நோய் பதிவானது 2021 என்றால், ஃபைலை நம்பினால் 2029 வரை பொறுக்கலாம். பாலத்தை நம்பினால் 2026இலேயே போக வேண்டும். பாலத்தைத்தான் நம்ப வேண்டும். தேதி குறித்து வைப்பது மாமியின் ஊருக்குப் புதிதும் அல்ல. ரங்கநாதர் கோயிலில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. கோயிலில் இயங்கிய ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்து, தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆஸ்பத்திரிக்கு நம்மிடம் தேதி இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டுகளோ போகிப் பண்டிகைக்கு முன்பே பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகின்றன.

"இப்போ நன்னாத்தானே இருக்கேன், எதுக்கு டெஸ்ட்?" என்பது மாமியின் அடுத்த கேள்வி. நன்றாக இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். குடல் அழன்றிருக்கும் சமயத்தில் எடுத்த சதைத்துணுக்கில், ஆறிக்கொண்டிருக்கும் செல்லும் புற்றை நோக்கித் திரும்பிய செல்லும் நுண்ணோக்கியின் கீழ் ஒன்றுபோலவே தெரியும். அனுபவமுள்ள நோய்க்குறியியல் மருத்துவரே தடுமாறுவார்.

இந்தப் பரிசோதனையில் மருத்துவர்கள் தேடுவதன் பெயர் டிஸ்பிளேசியா. இன்னும் புற்றாகாத, ஆனால் ஒழுங்கு கெட்ட செல்கள். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பேசில் மார்சனும் லிலியன் பாங்கும் 1967இல் மலக்குடல் துணுக்குகளில் இதைப் பார்த்து, புற்றுநோய்க்கு முன்னறிவிப்பாகக் கொள்ளலாம் என்று எழுதினார்கள். கண்காணிப்பு என்ற யோசனையே அங்கிருந்து வளர்ந்ததுதான். மற்றவர்களுக்குக் குடல் புற்று பெரும்பாலும் பாலிப்பாக முளைக்கும்; எளிதில் கண்ணில் படும். கொலைட்டிஸ் குடலில் அது பல சமயம் பாய் விரித்ததுபோல் தட்டையாகப் பரவும். செல் பிரிவதைக் கட்டுக்குள் வைக்கும் பி53 மரபணு மற்றவர்களுக்குக் கடைசிக் கட்டத்தில்தான் பழுதாகும்; இவர்களுக்கு ஆரம்பத்திலேயே பழுதாகிவிடுகிறது.

தட்டையாக இருப்பதை எப்படிப் பார்ப்பது? முன்பு 10 சென்டிமீட்டருக்கு நான்கு துணுக்கு என்று குத்துமதிப்பாக முப்பதுக்கும் மேல் கிள்ளி எடுப்பார்கள். இப்போது பல இடங்களில் குழாய் வழியே நீலச் சாயம் தெளிக்கிறார்கள். இளஞ்சிவப்புப் படலத்தின் நுண்ணிய பள்ளங்களில் நீலம் இறங்கி, கோலப்பொடி தூவியதுபோல் வரிவரியாகத் தெரியும். வரி கலைந்திருக்கும் இடத்தில் மட்டும் கிள்ளினால் போதும். சாயம் இல்லாத இடத்தில் நல்ல ஹெச்.டி. கேமராவும் அவசரப்படாத கையும் இருந்தால் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

இதெல்லாம் குடல் சுத்தமாக இருந்தால்தான். செய்துகொண்டவர்களைக் கேளுங்கள்: மயக்கத்தில் நடக்கும் பரிசோதனையை விட முந்தின நாள்தான் பாடு என்பார்கள். இரண்டு மூன்று நாளுக்கு முன்பே கீரை, கொய்யா, தக்காளி விதை எல்லாம் நிறுத்த வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை ஒரு வாரம் முன்பே நிற்க வேண்டும், அது மலத்தைக் கறுப்பாக்கிவிடும். கடைசி நாளில் இளநீர், வடிகட்டிய தெளிவு ரசம். சிவப்பு நிற சர்பத் கூடாது. உள்ளே ரத்தம் மாதிரி தெரியும். பிறகு உப்புக் கரிக்கும் பேதிக் கரைசல், லிட்டர் கணக்கில். ஏகாதசிக்குப் பழகிய வீட்டில் பட்டினி பெரிய விஷயமில்லை. கழிவறை கொல்லையில் இருக்கும் பழைய வீடானால் அன்றைக்கு மட்டும் உறவினர் ஃபிளாட்டுக்குப் போய்விடுவது உத்தமம்.

இத்தனையும் செய்தால் உயிர் பிழைக்கும் என்று அடித்துச் சொல்லும் சோதனை ஆய்வு கிடையாது. கண்காணிப்பில் இருந்தவர்களுக்குப் புற்று முன்கட்டத்திலேயே பிடிபட்டது, அதனால் இறந்தவர்கள் குறைவு என்று நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள்தான் காட்டுகின்றன. எனக்கு அது போதும். எல்லோரும் வருஷா வருஷம் போக வேண்டியதும் இல்லை. நோய் மலக்குடலோடு நின்றவர்களுக்கு இந்தக் கண்காணிப்பே பொதுவாகத் தேவைப்படாது. மற்றவர்களுக்கு அபாயத்தைப் பொறுத்து 1, 3, 5 ஆண்டு என்று இடைவெளி வைக்கிறார்கள். நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது இளவயதில் குடல் புற்று வந்திருந்தால் இடைவெளி குறுகும். பித்தநாளங்கள் தடித்துச் சுருங்கும் பி.எஸ்.சி. நோயும் கூட இருந்தால் எட்டாண்டுக் கணக்கே கிடையாது, கண்டுபிடித்த அன்றிலிருந்தே ஆண்டுக்கு ஒன்று. குடல் அழற்சியின் இன்னொரு வகையான கிரோன் நோய் பெருங்குடலில் பரவலாக உள்ளவர்களுக்கும் கொலைட்டிஸ் நோயாளிகளுக்கான அதே கண்காணிப்புதான்.

ரிப்போர்ட்டில் டிஸ்பிளேசியா என்று வந்தால் வீடே இடிந்து உட்கார்ந்துவிடும். முதலில் துணுக்கு ஏற்றிய கண்ணாடிச் சில்லை இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரும் பார்க்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கி அனுப்ப நோயாளிக்கு உரிமை உண்டு. முன்பெல்லாம் பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிடுவார்கள். இன்று விளிம்பு தெளிவாகத் தெரியும் மேடாக இருந்தால் குழாய் வழியாகவே சீவி எடுத்து, குடலை விட்டுவைத்து, சில மாதங்களில் திரும்பப் பார்க்கிறார்கள். விளிம்பே தெரியாமல் துணுக்கில் மட்டும் அகப்பட்டால் குடல் நோயில் தேர்ந்தவரிடம் போய்ச் சாயம் தெளித்து மறுபடி பார்த்த பிறகுதான் அறுவை பற்றிய பேச்சு.