பழைய பேரேட்டை உடனே எறியாதீர்கள்

நியூ ஜேர்சியில் எங்கள் வீட்டுக் கணினியில், 'லுவாண்டி' என்னும் இலவச விளையாட்டுக்குள் மூன்று வருடமாக ஒரு கிராமம் வளர்கிறது. அப்பம்மா சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் கட்டிய நாற்சார் வீடு, கிணறு, துலா, கிடுகு வேலி எல்லாம் அதில் உண்டு. உண்மையான வீட்டின் படம் ஒன்றுகூட எம்மிடம் இல்லை. ஆகவே, விளையாட்டு மந்தமாகி, "வேகமான சேமிப்புக்கு மாற்றுவோம்" என்று பிள்ளைகள் கேட்டபோது சற்று யோசித்தோம்.

2010 இல் தொடங்கி, 2024 வரை 'மைன்டெஸ்ட்' எனப்பட்ட விளையாட்டு இது. உலகத்தை 16×16×16 கட்டைகள் கொண்ட பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியையும் ஒரு பதிவாக வைக்கிறது. வழமையாக அவை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில், ஒரே கோப்பில் இருக்கும். அதற்குப் பதிலாக லெவல்டிபியைப் பயன்படுத்தலாம். கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் எழுதி, 2011 இல் வெளிவந்தது இது.

வர்த்தகம் படித்தோருக்கு வேறுபாடு இலகுவில் விளங்கும். எஸ்கியூலைட், பேரேட்டில் உரிய பக்கத்தைத் தேடித் தேடிப் பதிகிற எழுதுவினைஞர். லெவல்டிபியோ முதலில் நாளேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டே போகும்; போதியளவு சேர்ந்தபின் ஒழுங்குபடுத்திப் பேரேட்டுக்கு மாற்றும். பக்கம் புரட்டும் நேரம் மிச்சம். பலர் ஒரே நேரத்தில் கட்டும்போது இது உதவும். ஆனால் மந்தத்துக்குக் காரணம் பழைய கணினி என்றால் இதனால் பயனில்லை.

மாற்றும் முறை இதுதான். விளையாட்டை முற்றாக நிறுத்துங்கள். உலகக் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டில் பிரதி எடுங்கள். பின்னர் லெவல்டிபியின் பெயரைக் கொடுத்து 'மைக்ரேட்' கட்டளையை இயக்குங்கள். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் புதிய இடத்துக்குப் பிரதியாகும். பழைய கோப்பு அழியாது. கவனிக்க: இக்கட்டளை நிலத்தை மட்டுமே மாற்றும். விளையாடுவோரின் உடைமைகளுக்கும் கடவுச்சொற்களுக்கும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு.

முடிந்ததும் பழைய கோப்பை உடனே அழித்துவிடாதீர்கள். பரீட்சை மீதி சமப்பட்டாலும் கணக்கில் பிழை ஒளிந்திருக்கலாம் என்பது எமது தொழிலின் முதற்பாடம். நாங்கள் அப்பம்மாவைப் பக்கத்தில் இருத்தி, படலையிலிருந்து கிணற்றடிவரை ஒவ்வோர் இடமாகக் காட்டினோம். அவர் "எல்லாம் சரி" என்ற பிறகும் பழைய பிரதியை வைத்திருக்கிறோம். கையில் எதுவுமின்றி இடம்பெயர்ந்து வந்தவர்கள் நாம். பிரதி இல்லாமல் எதையும் நகர்த்தக்கூடாது என்று எமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.