கம்பி தொடாத வீடு

பென்சில்வேனியாவின் ஆமிஷ் மக்கள் எந்திரங்களை வெறுப்பவர்கள் அல்ல. குடும்பத்தைக் கலைக்கக்கூடிய எதையும் வாசலிலேயே நிறுத்தி விசாரிப்பவர்கள். ஆனால் நிலத்தின் விலையை அப்படி நிறுத்த முடியவில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லங்காஸ்டர் மாவட்டத்துக் கிராமங்களில் ஆமிஷ் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. அண்ணாந்து பார்த்தால் போதும். சாலையோடு ஓடும் மின்கம்பி பக்கத்து வீட்டுக்குள் திரும்பும். இந்த வீட்டைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். திங்கட்கிழமை என்றால் இன்னும் சுலபம். அது துணி துவைக்கும் நாள். வீட்டிலிருந்து கொட்டகை உச்சிவரை கப்பி வைத்து இழுத்துக் கட்டிய கொடியில், அப்பாவின் கறுப்புக் கால்சட்டை முதல் கைக்குழந்தையின் சட்டை வரை வரிசையாகக் காற்றில் ஆடும். வாசலில் கார் இருக்காது. சாம்பல் நிறக் கூடு போட்ட குதிரை வண்டி நிற்கும்.

உள்ளே நுழைந்தால் முதல் ஆச்சரியம் சமையலறை. விறகடுப்பையும் புகையையும் எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். அடுப்பு கேஸில் எரிகிறது. ஃபிரிட்ஜும் கேஸில்தான் ஓடுகிறது. சக்கரம் வைத்த சிறு மரப்பெட்டிக்குள் சிலிண்டர், மேலே விளக்கு. தேவைப்படும் அறைக்கு உருட்டிக்கொண்டு போகலாம். பேட்டரி விளக்குகளும் வந்துவிட்டன. நடுவில் நீண்ட மேஜை. ஆறேழு குழந்தைகள் இங்கே சாதாரணம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எல்லோரும் தலை குனிந்து சத்தமில்லாமல் பிரார்த்திக்கிறார்கள். சுவரில் கடிகாரம் உண்டு, காலண்டர் உண்டு. குடும்பப் புகைப்படம் கிடையாது. உருவம் பிடித்து மாட்டுவது அகந்தை என்பது அவர்கள் கருத்து.

இரண்டாவது ஆச்சரியம் கொல்லைப்புறக் கொட்டகையில் உறுமுகிறது: டீசல் எஞ்சின். அது கம்ப்ரெசரை இயக்குகிறது. அழுத்தப்பட்ட காற்று குழாய் வழியாக வந்து பம்பையும், தையல் எந்திரத்தையும், பட்டறைக் கருவிகளையும் ஓட்டுகிறது. இதை ஆமிஷ் மின்சாரம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பேட்டரிக்கு அனுமதி உண்டு. பல இடங்களில் சூரியசக்தித் தகடுகளும் வந்துவிட்டன. ஊர்க் கம்பியை வீட்டுக்குள் இழுப்பது மட்டும் கூடாது. அந்த ஒரு கம்பி வந்தால் அதன் பின்னாலேயே வெளியுலகமும் வரும் என்பதால் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சபை அதைத் தடுத்துவிட்டது.

தொலைபேசியின் கதையும் இதுதான். வீட்டுக்குள் வேண்டாம் என்று சுமார் 1910-ல் முடிவானது. ஆனால் டாக்டரையோ கால்நடை மருத்துவரையோ கூப்பிட வேண்டாமா? வயலோரத்தில் ஒரு மரக்கூண்டு கட்டி அதற்குள் வைத்தார்கள். பக்கத்துக் குடும்பங்களுக்கும் அது பொது. அவசியமென்றால் நடந்துபோய்ப் பேசலாம்; சாப்பாட்டு மேஜையில் மணி அடிக்காது. கார் விஷயத்திலும் இதே தர்க்கம். சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது. தேவைப்பட்டால் டிரைவரோடு வாடகைக்கு அமர்த்தலாம். டிராக்டர் கொட்டகையருகே எந்திரம் சுழற்றலாம். வயலில் இறங்கக் கூடாது. உழுவது கோவேறு கழுதைகள். அவை இழுக்கும் வைக்கோல் கட்டும் எந்திரத்தின் மேல் எஞ்சின் பொருத்தியிருக்கும்! வெளியாருக்கு இது முரண்பாடு. அவர்களுக்கோ கணக்கு தெளிவு: டிராக்டர் வந்தால் ஒரே ஆள் நூற்றுக்கணக்கான ஏக்கரை உழுவான், அப்புறம் பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் என்ன வேலை?

1693-ல் சுவிட்சர்லாந்து, அல்சேஸ் பகுதிகளில் யாக்கோப் அம்மான் என்ற மதபோதகரின் தலைமையில் பிரிந்த கிறிஸ்தவக் குழு இது. ஐரோப்பாவின் கெடுபிடி தாங்காமல், மதச் சுதந்திரம் தந்த பென்சில்வேனியாவுக்கு 18-ம் நூற்றாண்டில் கப்பலேறினார்கள். இன்றும் வீட்டில் பேசுவது ஜெர்மன் கிளைமொழி. எது கூடும், எது கூடாது என்று சொல்லும் எழுதப்படாத சட்டத்துக்கு ஆர்ட்னுங் என்று பெயர். அதை ஒவ்வொரு சபையும் ஆண்டுக்கு இருமுறை பேசித் தீர்மானிக்கிறது. அதனால்தான் ஓர் ஊரில் இருப்பது அடுத்த ஊரில் இல்லை.

ஆமிஷ் மக்களுக்குத் தேவாலயக் கட்டடம் கிடையாது. வீடுதான் தேவாலயம். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் மூன்று மணி நேர வழிபாடு. பெஞ்சுகள் வண்டியில் வந்து இறங்கும். பல வீடுகளில் அறைகளைப் பிரிக்கும் தடுப்பு மடங்கும். மூன்று அறைகள் ஒரே கூடமாகும். ஒரு சபையில் 20 முதல் 40 குடும்பங்கள். வீடு கொள்ளாத அளவுக்குக் கூட்டம் பெருகினால் சபை இரண்டாகப் பிரியும்.

பெரிய வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன வீடு தாத்தா பாட்டியுடையது. மகன், பெரும்பாலும் கடைசி மகன், கல்யாணமாகிப் பண்ணையை ஏற்றதும் பெரியவர்கள் பெரிய வீட்டை விட்டுக்கொடுத்து அங்கே போய்விடுகிறார்கள். முதியோர் இல்லம் என்ற பேச்சே இல்லை. முதுமையில் காப்பது குடும்பமும் சபையும் என்பதால், சுயதொழில் செய்யும் ஆமிஷ்காரர்களுக்கு அரசு ஓய்வூதியத் திட்டத்திலிருந்து 1965-ல் விலக்குக் கிடைத்தது. கொட்டகை எரிந்துபோனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி வருவதில்லை. நூற்றுக்கணக்கான பேர் சுத்தியலோடு வருகிறார்கள்.

இந்த அரவணைப்புக்கு விலையும் உண்டு. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அந்த உரிமையை 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அங்கீகரித்தது. டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படும் பெண்ணுக்கு இந்த வீட்டில் பதிலில்லை. வயதுவந்து ஞானஸ்நானம் பெற்ற பிறகு சபையை விட்டுப் போகிறவரை விலக்கிவைக்கிறார்கள். பெற்ற தாயும் ஒரே மேஜையில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடத் தயங்குவாள். ஆனாலும் 85 சதவீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாமாகவே சபையில் சேர்கிறார்கள்.

சிக்கலே அங்குதான். 1900-ல் சில ஆயிரமாக இருந்த ஆமிஷ் மக்கள் இன்று சுமார் 4 லட்சம். ஏறத்தாழ 20 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறார்கள். நிலம் இரட்டிப்பாவதில்லை. வளமான லங்காஸ்டர் மண்ணில் ஏக்கர் 20,000 டாலருக்கு மேல் போகிறது. ஒரு மகனுக்குப் பண்ணை கிடைக்கும், மற்றவர்களுக்கு? சிலர் நிலம் மலிவான நியூயார்க், கென்டக்கி மாநிலங்களுக்கு வண்டி கட்டுகிறார்கள். தங்கிவிட்டவர்கள் தச்சுப்பட்டறை வைக்கிறார்கள், அல்லது கட்டட வேலைக்குப் போகிறார்கள். இன்று லங்காஸ்டரில் பெரும்பாலான ஆமிஷ் குடும்பங்களுக்கு விவசாயம் தொழிலல்ல.

காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு வேலைக்குக் கிளம்பும் அப்பாவைப் பார்த்துப் பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். பிள்ளைகள் அவரோடு பால் கறந்து, உழுது, பக்கத்திலிருந்தே கற்றுக்கொண்ட காலம் போகிறது. வேலையிடத்தில் கையில் செல்போனும் வந்துவிடுகிறது. சிலர் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை போட்டு அப்பாவைத் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள். மின்கம்பியை நூறாண்டாக வெளியே நிறுத்தியவர்களுக்கு இப்போது அதைவிடக் கடினமான வேலை: அப்பாவை வீட்டிலேயே நிறுத்திவைப்பது.